ஈக்கு என்ன வேலை?

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் எதையும் ஆசையோடு பார்க்கக் கூடாது. பார்த்தால் கிலோவுக்கு இருபது ரூபாய் ஏறிவிடும். பக்கத்தில் கிடக்கும் பம்புசெட்டைத் தேடி வந்தவர்போல நின்று, வேண்டிய சாமானைச் செருப்புக் காலால் லேசாகத் தட்டி, "இது எடைக்குத்தானுங்க?" என்று கேட்க வேண்டும். வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்தே ஓய்வுபெற்ற முகம் என்னுடையது. நல்லெண்ணம் எதுவும் அதில் வெளியே தெரியாது. அந்த முகத்தோடுதான் இரும்படிக்கிற பட்டடை ஒன்றின் முன்னால் நின்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சாக்கை எடுத்துப் பட்டடையின் இடுப்பைத் துடைத்துவிட்டு, அங்கே பதிந்திருந்த எண்களைக் காட்டினார்.

"தேதியே போட்டிருக்குது பாருங்க. 1, 1, 20. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, சனவரி ஒண்ணாந் தேதி. வெள்ளைக்காரன் புது வருசத்தன்னைக்குப் பூசை போட்டு இறக்குனதுங்க."

இவ்வளவு தெளிவான பிறப்புச் சான்று எனக்கே கிடையாது. என் பிறந்தநாளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் அவர் வசதிக்கு வைத்தார். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய இங்கிலீஷ் பட்டடைகளில் இருப்பது தேதி இல்லை, எடை. முதல் எண் ஹண்டிரட்வெயிட். பெயரில் நூறு இருந்தாலும் அதற்கு 112 பவுண்டு. நூறு என்று சொல்லிக்கொண்டு 112 வாங்குகிற பழக்கம் அவர்களுக்கு அப்போதே இருந்திருக்கிறது. நடு எண் அதில் கால் பங்கு, அதாவது 28 பவுண்டு. கடைசி எண் சில்லறை பவுண்டு. எல்லாம் கூட்டினால் 160 பவுண்டு, ஏறக்குறைய 72½ கிலோ.

கடைக்காரர் கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப எடையே போட வேண்டாமுங்க. அவனே எழுதிக் குடுத்துட்டான். எழுபத்திரெண்டரைக்குப் பணத்தைக் கட்டுங்க."

நான் விடவில்லை. தராசில் ஏற்றச் சொன்னேன். 71 கிலோ. ஒன்றரைக் கிலோ குறைவு. தேய்மானம் என்ற சொல்லைப் பணிக்காலம் முழுவதும் எழுதியிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

பட்டடையின் பக்கவாட்டில் துருவுக்கு அடியில் 'பீட்டர் ரைட்' என்ற பெயர் தெரிந்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள டட்லிக்காரர்கள். கரியாலேயே 'கறுப்பு நாடு' என்று பேர் வாங்கிய வட்டாரம். அந்தக் காலத்துப் பட்டடையை அச்சில் ஊற்றி எடுக்கவில்லை. உடம்பு முழுக்கத் தேனிரும்பு. மேலே முகத்துக்கு மட்டும் ஏறக்குறைய அரை அங்குலக் கனத்தில் எஃகுத் தகடு. இரண்டையும் வெள்ளையாகக் காயும்வரை உலையில் வைத்து, ஆட்கள் சுற்றி நின்று சம்மட்டியால் அடித்தே ஒட்டியிருக்கிறார்கள். பிறகு முகத்தைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரை வாரிக் கொட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். ஆக, பட்டடையின் உயிர் அந்த அரை அங்குலத்தில் இருக்கிறது. மிச்சமெல்லாம் எடை.

கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் துரை முதல் நூற்பாலையைத் தொடங்கினார். மில் வந்தால் இயந்திரம் வரும், இயந்திரம் வந்தால் உடையும், உடைந்தால் அடித்துச் சரிசெய்யப் பட்டடை வேண்டும். இதுவும் "ஏதோ ஒரு பழைய மில்லு" பட்டறையில் இருந்ததாகத்தான் கடைக்காரர் சொன்னார். தேதியில் காட்டிய துல்லியத்தை இதில் அவர் காட்டவில்லை.

ஒன்றரைக் கிலோ எங்கே போனது என்று வீட்டில் வைத்துத் தணிக்கை செய்தேன். நடு முகத்தில் ஒரு பள்ளம். ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரியும். வால் பக்கம் ஒரு மூலை மூன்று அங்குல நீளத்துக்குப் பிய்ந்து போயிருந்தது. முகத்தில் டிரில்லிங் துளைகள். இதன்மேல் எதையோ வைத்துத் துளை போட்டவர்கள், எங்கே நிறுத்துவது என்று யோசிக்கவில்லை. விளிம்பில் கேஸ் கட்டிங் தழும்பு. இத்தனை காயத்தில் சுத்தியலால் வந்தது நடுப்பள்ளம் ஒன்றுதான். மற்றதெல்லாம் பட்டடையை மேசையாகவும் முக்காலியாகவும் நினைத்தவர்கள் செய்தது. வள்ளுவரே 821-ஆம் குறளில் பொய்யான நட்புக்கு உவமையாகப் பட்டடையை இழுத்துவிட்டிருக்கிறார். பட்டடைக்காகப் பேச அன்றைக்கும் ஆள் இல்லை.

வாங்கிய அன்று பட்டடையைக் குட்டியானையில் ஏற்றி வந்து நாலு பேர் இறக்கினார்கள். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, இரும்படிக்கிற எடத்துல ஈக்கு என்ன வேலைன்னுதான் சொல்லுவாங்க. நம்மூட்டுல இரும்பே அடிக்கறதில்லை. ஈ மட்டும் வந்திருக்குது."

பட்டடைக்கும் குடும்பத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அவளுக்கு எடுத்துச் சொன்னேன். இங்கிலாந்தில் 1754-இல் கல்யாணச் சட்டம் கடுமையானதும், பெற்றோர் சம்மதிக்காத காதலர்கள் எல்லை தாண்டி ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள். அங்கே கொல்லுப்பட்டறையில் பட்டடை முன்னால் நின்றாலே கல்யாணம் முடிந்துவிடும். இன்றைக்கும் அங்கே போய்க் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"அங்க பட்டடையால கல்யாணம் ஆச்சு, இங்க என்ன ஆகுமோ பார்ப்போம்" என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் கணபதியில் லேத் வைத்திருக்கும் நண்பர் வந்து பார்த்தார். கோயமுத்தூர்க்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. சமமில்லாத இரும்பு ஒன்றைக் கண்ணில் காட்டிவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. "மில்லிங்ல போட்டா மத்தியானத்துக்குள்ள கண்ணாடியாக்கிக் குடுத்தர்றேனுங்க. நீங்க அதுல பார்த்துச் சவரமே பண்ணலாம்."

பழைய பட்டடைக்கு இதைவிடக் கேடு வேறில்லை. இருப்பதே அரை அங்குல எஃகு. நூறு வருட அடியில் அதிலும் ஒரு பங்கு போயிருக்கும். பள்ளத்தைச் சமமாக்க இன்னும் சில மில்லிமீட்டரைச் சீவினால் மிஞ்சுவது மெல்லிசுத் தகடு; அடுத்த சம்மட்டி அடியில் அதுவும் போய்விடும். அதோடு, அடிப்பாகத்தை டட்லிக்காரர்கள் முகத்துக்கு இணையாக இழைத்ததும் இல்லை. அடியை மெஷினில் கட்டி மேலே சீவினால் ஒரு கோடியில் தோல் போகும், மறு கோடியில் எலும்பு தெரியும். நடுப்பள்ளத்துக்கும் பயன் உண்டு. கோணிய பட்டையை நிமிர்த்த வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வளைய இடம் வேண்டும். தட்டைக் கல்லில் அந்த இடம் கிடைக்காது. விளிம்பு கூராக இருக்க வேண்டும் என்பதும் வேலை செய்யாதவர்களின் ஆசை. கூர் விளிம்பில் அடித்தால் சூட்டிரும்பில் மடிப்பு விழுந்து பின்னால் அங்கேயே விரியும். தொழில் தெரிந்தவர்கள் புதுப் பட்டடை வாங்கினாலும் விளிம்பை முதலில் உருட்டிவிடுவார்கள்.

இதெல்லாம் சொல்லியும் நண்பர் முகம் தெளியவில்லை. போகும்போது இன்னொரு தடவை பள்ளத்தைத் தடவிப் பார்த்து "ச்சே" என்றார்.

துருவுக்குக் கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், பொறுமை. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது சோதனை. லாரி மெக்கானிக்கிடம் ஒரு பேரிங் குண்டு வாங்கி வந்தேன். பத்து அங்குல உயரத்திலிருந்து முகத்தின்மேல் விட்டு, எவ்வளவு எழும்புகிறது என்று ஸ்கேலில் பார்க்க வேண்டும். ஏழு எட்டு அங்குலம் எழும்பினால் எஃகு நலம். பாதிக்குக் கீழே போனால் தீ விபத்தில் வெந்து பதம் போனதாக இருக்கலாம், அல்லது தகடு அடியில் விட்டிருக்கலாம். தெருப்பையன்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் ஸ்கேல் பிடித்தான், ஒருவன் கமெண்டரி சொன்னான். மூக்குப் பக்கம் ஏழரை. நடுவில் ஏழு. உடைந்த மூலை அருகே மூன்றரை. "அங்க்கிள், இந்த எண்டுல பவுன்ஸ் இல்ல, ஸ்பின்னரைக் கூப்பிடுங்க" என்றான் கமெண்டரிக்காரன். தட்டினாலும் அந்த இடத்தில் மட்டும் சொத்தைச் சத்தம். தகடு அங்கே உடம்பை விட்டுக் கிளம்பியிருந்தது. விட்டால் விரிசல் உள்ளே ஓடும். கைவைக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான் என்று முடிவாயிற்று.

வெல்டர் நேராக ராடைச் செருகிக்கொண்டு வந்தார். நிறுத்தினேன். இவ்வளவு பெரிய இரும்பில் ஒரு மூலையை மட்டும் காய்ச்சினால் மிச்ச இரும்பு அந்தச் சூட்டை ஒரே இழுப்பில் உறிஞ்சிக்கொள்ளும். ஓரம் திடீரென்று ஆறி நொறுங்கும் பதத்துக்குப் போய், வெல்டிங் முழுசாகக் கழன்று கையில் வரும். முதலில் பட்டடை முழுவதையும் 200 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். ரொம்பத் தாண்டவும் கூடாது. முகத்தில் வைக்கோல் நிறம் தட்டினால் கெட்டித்தன்மை இறங்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

71 கிலோவைச் சூடாக்க என்ன அடுப்பு? கல்யாணச் சமையல் மாஸ்டர் ஒருவரிடம் பெரிய கேஸ் அடுப்பு கேட்டேன்.

"எத்தனை இலைங்க?"

"இலையெல்லாம் இல்லீங்க. ஒரே உருப்படி, எழுபத்தோரு கிலோ."

"முழுசாவேவா வேக வைக்கறீங்க?" என்றார். அதற்கு மேல் கேட்காதது அவருடைய தொழில் நாகரிகம்.

சூட்டை அளக்க வீட்டில் இருந்தது கொரோனா காலத்துத் துப்பாக்கி வெப்பமானி. நெற்றிக்குச் செய்த கருவி அது. பட்டடையைக் காட்டியதும் நாற்பத்திரண்டுக்கு மேல் தெரியாது என்று கைவிரித்துவிட்டது. வெல்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து மனைவி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். விரலை நனைத்துப் பட்டடையின் முகத்தில் தெளித்தாள். தண்ணீர் கொதித்து அடங்கியது. "இன்னும் காயலை." கொஞ்சநேரம் கழித்து மறுபடி. இந்த முறை துளிகள் கொதிக்காமல் உருண்டு திரண்டு முகத்தின்மேல் ஓடின.

"இப்ப ஊத்தலாமுங்க" என்றாள் வெல்டரிடம்.

தண்ணீர்த் துளிக்கு அடியில் ஆவி படிந்து அது மிதந்து ஓடுவது ஏறக்குறைய 200 டிகிரியில்தான். லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1756-இல் இதை லத்தீனில் புத்தகமாக எழுதி, அந்த விளைவுக்குத் தன் பெயரையும் வாங்கிக்கொண்டார். தோசைக்கல் வைத்திருக்கிறவர்கள் யாரும் உரிமை கோரவில்லை.

வெல்டர் விட்டுப்போன தகட்டை வெட்டி எறிந்து, கீழே 7018 ராடும் மேலே ஜேசிபி பல்லுக்குப் போடுகிற கெட்டி ராடுமாக வரி வரியாகக் கட்டினார். ஒவ்வொரு வரியையும் சூடு ஆறுமுன் சின்னச் சுத்தியலால் கொத்தினார். பிறகு பட்டடையைச் சாம்பலில் புதைத்து, இரவு முழுக்கத் தானாக ஆறவிட்டோம். மறுநாள் கையரம் கொண்டு தேய்த்து ஓரத்தை உருட்டினேன். கிரைண்டரைத் தொடவே இல்லை. அது அவசரக்காரர்களின் கருவி. நீலம் பூக்கவைத்துவிட்டுத்தான் நிற்கும்.

வேப்பங்கட்டையின்மேல் ஏற்றி முதல் அடி அடித்தபோது, கோயில் மணிக்கு இந்தப் பட்டடை ஒன்றும் குறைந்ததில்லை என்று தெரிந்தது. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் இருக்கிறார். அன்று மாலையே வந்தார்.

"சார், காதுக்குள்ள மூணு எலும்பு இருக்குது. சுத்தி, பட்டடை, அங்கவடி. உங்க பட்டடை என்ற பட்டடையைத் தொந்தரவு பண்ணுதுங்க."

வாக்னர் என்ற ஜெர்மன் இசைமேதை ஒரே இசை நாடகத்தில் 18 பட்டடைகளை வாசிக்கவைத்திருக்கிறார், நம்மிடம் இருப்பது ஒன்றுதான் என்று சமாதானம் சொன்னேன். "அவரு எந்த ஊருங்க? நல்லவேளை" என்றார். அமெரிக்காவின் டிரென்டன் நகரில் ஃபிஷர் என்பவர்கள் வார்ப்பிரும்பு உடம்பில் செய்த பட்டடைகள் அடித்தால் மணிபோல ஒலிக்காது. பீட்டர் ரைட் வாய் திறந்தவர். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை வால் பக்கத்து அடியில் ஒட்டி, இடுப்பில் சங்கிலியைச் சுற்றியதும் குரல் பாதியாக இறங்கியது.

இவ்வளவும் ஆன பிறகு, சிறுவாணி ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை, ஆசாரியை, பார்க்க அழைத்தேன். அவர் பட்டறையில் பட்டடை மண்ணில் பாதி புதைந்திருக்கும், உட்கார்ந்துதான் வேலை. கட்டைமேல் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நின்ற இதைச் சுற்றிவந்தார்.

"வெள்ளைக்காரனுக்கு ஒக்காரத் தெரியாதுங்களா?"

கட்டைவிரலால் நடுப்பள்ளத்தைத் தடவினார். "இதை விட்டு வெச்சது நல்லதுங்க." லேத் நண்பர் அங்கே இல்லாதது எனக்கு வருத்தம். பிறகு கட்டிய மூலைக்குப் போனார். "இதை எதுக்குங்க கட்டுனீங்க? ஒடைஞ்ச எடத்துல வளைச்சு அடிக்க வாட்டமா இருந்திருக்குமே."

உள்ளே ஓடவிருந்த விரிசலைப் பற்றிச் சொன்னேன். ஒப்புக்கொண்டாரா தெரியவில்லை. என் கணக்கில் அந்த வெல்டிங் சரிதான்.

"சரி, என்ன அடிக்கோணும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு துண்டு இரும்பும் இல்லை. உள்ளே இருந்து மனைவிதான் அரிவாள்மனையைக் கொண்டு வந்தாள். அலகு ஒரு பக்கமாகக் கோணி, வெண்டைக்காயைச் சாய்வாக வெட்டிக்கொண்டிருந்ததாம். எனக்கு இதுவரை சொல்லவில்லை. ஆசாரி வாழ்க்கையில் முதல் தடவையாக நின்றுகொண்டு, அலகைப் பள்ளத்தின் குறுக்கே வைத்து, நாலு தட்டு. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இன்னொரு தட்டு. நேரானது.

"நூத்தம்பது குடுங்க."

"ஏனுங்க, பட்டடை எங்களுதுங்களே?"

"அதனாலதானுங்க நூத்தம்பது. என்ற பட்டறைக்கு எடுத்துட்டு வந்திருந்தா நூறுதானுங்க."

நான் சட்டைப்பையைத் தடவுவதற்குள் மனைவி இருநூறு ரூபாயை நீட்டினாள்.

"மிச்சம் அம்பதுக்குத் தோசைக் கரண்டியும் ஒண்ணு இருக்குதுங்க, அதையும் நிமித்திக் குடுத்துட்டுப் போங்க."