மலை இறங்கி வந்த வண்டி

கொச்சியின் இடப்பள்ளி சந்திப்பில், தேசிய நெடுஞ்சாலைகள் 66-உம் 544-உம் முட்டிக்கொள்ளும் இடத்தில், ஆறு கடக்கவென்றே மூக்குக்குழாய் வைத்த பழைய டீசல் லேண்ட் குரூசர் சிக்னலுக்குக் காத்து நிற்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பாலைவனம் தாண்டப் பிறந்தது, லுலு மாலில் பார்க்கிங் தேடுகிறது.

வெளிநாட்டில் ஓடிய கார் 3 வயதைத் தாண்டினால் நம் இறக்குமதிப் பொதுவிதி உள்ளே விடாது. அதற்குட்பட்டதும் மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வரவேண்டும். கொச்சிக்குச் சொந்தத் துறைமுகம் இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் இப்படிப்பட்ட பழைய வண்டிகள் கடலே இல்லாத பூட்டானிலிருந்து வந்தன என்கிறது சுங்கத் துறை. ராணுவம், தூதரகம் பெயரில் போலிக் காகிதம், இமாச்சலப் பிரதேசத்தில் பதிவு, அப்புறம் கேரளம்! 2025 செப்டம்பர் 23 அன்று ‘ஆபரேஷன் நும்கோர்’ என்று கிளம்பியவர்கள், நடிகர்கள் வீடுகளையும் விடாமல் சோதித்து, முதல் நாளே 36 வண்டிகளைப் பிடித்தார்கள்.

சேறு, மணல், செங்குத்து எதற்கும் அசராத நான்கு சக்கர இழுவை, ஆர்.சி. புத்தகத்தில் மாட்டிக்கொண்டது. வாங்க ஆசைப்படுகிறவர்களே, பானெட்டை அப்புறம் திறக்கலாம். “ராணுவ ஏலத்தில் எடுத்தது சார்” என்று தரகர் ஆரம்பித்தால், முதல் பதிவு எந்த ஊர் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.