எலி கொடுத்த துப்பு

கேள்வி: எலிக்கு வரும் புற்றுநோயை ஆராய்ந்து மனிதனுக்கு என்ன லாபம்?

பதில்: கல்லீரல் புற்றுநோய்க்காக ஏ.எஃப்.பி. என்றொரு ரத்தப் பரிசோதனை செய்கிறார்களே, அதற்கு முதல் துப்புக் கொடுத்ததே எலிதான்! 1963-ல் மாஸ்கோவில் காரி அபெலெவ் குழுவினர், கல்லீரல் கட்டி வந்த சுண்டெலிகளின் ரத்தத்தில், இந்தப் பரிசோதனை அளக்கும் புரதத்தைக் கண்டார்கள். கருவிலிருக்கும் குட்டியின் கல்லீரல் சுரப்பது அது. பிறந்தபின் ஏறக்குறைய மறைந்துவிடும். வளர்ந்த எலிக்குள் அதற்கென்ன வேலை? சுரந்தது புற்றுதான்! மறு ஆண்டே யூரி டாட்டாரினோவ் அதை மனித நோயாளியின் ரத்தத்திலும் கண்டார். எலியை ஆராய்வதில் இன்னொரு லாபம்: அதனிடம் கட்டி தொடங்கும் நாளிலிருந்தே ரத்தத்தைக் கவனித்து வரலாம். மனிதரிடம் அது நடக்குமா? ஆனால் ஒன்று: கர்ப்பத்திலும் கல்லீரல் அழற்சியிலும்கூட இந்தப் புரதம் கூடும். எனவே பரிசோதனையில் வரும் எண்ணை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். மருத்துவர் ஸ்கேனும் பார்த்துச் சொல்லட்டும்.