முதலில் ஃபார்மட், பிறகுதான் யோசனை

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் நம் ஊர் வைத்தியம் ஒன்றுதான்: ஃபார்மட். அதுவும் பலிக்காவிட்டால் கூடுதல் ரேம். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்க்க மட்டும் யாருக்கும் மனம் வருவதில்லை.

கழற்றினால் விஷயம் தெரிந்துவிடும். ஹீட்சிங்கின் இடுக்குகளில் கம்பளி போலத் தூசு. அடியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்கிறது. இன்டெலின் பல பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதைத் தொட்டால் அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது சோம்பல் அல்ல, தற்காப்பு. சில வீடுகளில் சூடுகூடக் காரணம் இல்லை. விண்டோஸில் யாரோ 'பவர் சேவர்' போட்டுவிட்டு மறந்திருப்பார்.

திடீரென்று அணைந்தால் பழி வைரஸ் மேல். பாவம் வைரஸ்! மின்சாரம் தரும் பெட்டியை யாரும் சந்தேகிப்பதில்லை. கேபினெட்டோடு 'இலவசமாக' வந்த அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 12 வோல்ட் கட்டத்தில் பொடி எழுத்தில் 16 ஆம்பியர் என்றிருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பசியாறுவது பெரும்பாலும் அதில்தான். மீதி வாட்டெல்லாம் ஸ்டிக்கரின் தாராள மனசு.

அடுத்த ஃபார்மட்டுக்கு முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பெயிண்ட் பிரஷோடு உள்ளே எட்டிப் பாருங்கள்.