ஆறு மிதவையும் ஒரு மயிர்க் கனமும்

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. தண்ணி மேல நிக்கதுக்கு எம்புட்டு ஆவும்னு ஒரு கணக்குச் சொல்லு பாப்போம். கார்பன் பலகை ரெண்டாயிரம் டாலருக்கு மேல. காலுக்குப் பூட்ஸு தனி. கையுறை தனி, அதுக்குக் கெவ்லார் வச்சுத் தைக்கணுமாம். கயிறு தனி, கைப்பிடி தனி. இழுக்குத படகு லட்சம் டாலரத் தாண்டி நிக்குது. நாங்க தாமிரபரணியில நீந்தக்குள்ள ஒரு கோமணம் போதும். அதுவும் இல்லாம நீந்துன நாளும் உண்டு, ஒங்க ஆச்சிகிட்ட சொல்லிராத.

இந்தத் தண்ணிச் சறுக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னாவது தெரியுமா ஒனக்கு? 1922-ல, மினசோட்டாவுல பெப்பின் ஏரி. ரால்ஃப் சாமுவேல்சன்னு ஒரு பதினெட்டு வயசுப் பய. பீப்பாய்ப் பலகையில நின்னு பாத்தான், முங்குனான். பனியில சறுக்குத கட்டையக் கட்டிப் பாத்தான், அதுலயும் முங்குனான். பொறவு எட்டடி நீளத்துல, ஒம்போது அங்குல அகலத்துல ரெண்டு மரப்பலகை வாங்குனான். அதோட நுனிய அவன் அம்மாவோட செம்புக் கொப்பரையில வேகவச்சு வளைச்சான். கால் சொருவ தோல்வாரு. பிடிக்க இரும்பு வளையம். அண்ணன் படகு ஓட்ட, இவன் நின்னுட்டான். கடைக்குப் போயி 'எந்த மாடல் நல்லதுண்ணே'ன்னு கேக்கவா செஞ்சான்? கொப்பரைக்கு அம்மா என்ன சொன்னாவளோ, அது வேற கதை.

சரி, ஒன் கதைக்கு வருவோம். இந்த ஃப்ளோரிடாவுல தடுக்கி விழுந்தா ஏரிதான். அந்த ஏரியில பாதிக்கு மிதவை கட்டி வச்சிருக்கான். விண்டர் ஹேவன்ல சைப்ரஸ் கார்டன்ஸுன்னு 1936-ல தொறந்த தோட்டத்துல இந்த சறுக்குக் காட்சி நடத்தித்தான் ஊரே பேரு வாங்குச்சு. ஒன் ஆட்டம் அந்தக் காட்சி இல்ல, போட்டி ஆட்டம். படகு நட்டநடுவுல நேராப் போவும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஆறு மிதவை, நடுக்கோட்டுலேருந்து ஒவ்வொண்ணும் 11.5 மீட்டர் தள்ளி. வாசல்ல நுழைஞ்சு, ஆறையும் வெளிப்பக்கமாச் சுத்தி, அடுத்த வாசல்ல வெளியேறணும். வாசலுக்கு வாசல் 259 மீட்டர். படகு மணிக்கு 58 கிலோமீட்டர்ல போனா எல்லாம் 16 செகண்டுல முடிஞ்சு போச்சு. ஒரு வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆவுத நேரம்.

ஆறையும் சுத்திட்டா என்ன பரிசு? கயித்தக் குறைப்பான். நல்ல பரிசு பாத்துக்கோ! 18.25 மீட்டர், 16, 14.25, 13, 12ன்னு கயிறு சுருங்கிட்டே வரும். எந்த அளவுன்னு தெரிய வளையத்துக்கு வளையம் நெறம்: செவப்பு, ஆரஞ்சு, மஞ்ச, பச்சை, நீலம், அடுத்து ஊதா. நீலம் வரைக்கும் கயிறு மிதவைய எட்டும். ஊதா வளையம் 11.25. இப்ப கணக்குப் போடு. மிதவை எங்க இருக்கு? 11.5-ல. கயிறே கால் மீட்டர் கட்டை! மிச்சத்துக்கு ஒடம்பச் சாச்சு, ஒத்தக் கைய நீட்டித்தான் எட்டணும். நேட் ஸ்மித்துன்னு ஒரு பய, 2013-ல 9.75 மீட்டர் கயித்துல ரெண்டரை மிதவை சுத்தி உலக சாதனை போட்டான். ஒண்ணே முக்கா மீட்டர் பத்தாத கயிறுலே அது!

நீ எங்க நிக்குத? மஞ்ச வளையத்துல. மூணு மிதவை சுத்துத. நாலாவதுல கயிறு தொளதொளன்னு தொங்குது, மறு நொடி வெடுக்குன்னு இழுக்குது, நீ தண்ணிக்குள்ள. முங்கி எந்திரிச்சு மூக்கச் சிந்துததுக்கு முன்னால ஒன் வாயில வந்த மொத வார்த்தை என்ன? "ஃபின்னு சரியில்ல தாத்தா."

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். அவ எவ்வளவோ தேவல. கூடத்த அளக்க அவ காலிப்பர்னு மயிரளவு அளக்குத கருவி வாங்கல.

ஒன் பலகை வாலுக்கு அடியில ஒரு அலுமினியத் தகடு இருக்கு, அதான் ஃபின்னு. ஆழம் ரெண்டரை அங்குலம் சொச்சம், நீளம் ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. வால் நுனியிலேருந்து எம்புட்டு தள்ளி இருக்குங்கது மூணாவது அளவு. அதுல ஒட்டுன சின்னச் சிறகு என்ன கோணத்துல சாஞ்சிருக்குங்கது நாலாவது. ஆழம் கூட்டுனா வாலு தண்ணியப் பிடிச்சுக்கிடும், குறைச்சா வழுக்கும். சிறக சாச்சா வளைவுக்கு முன்ன வேகம் குறையும். இதெல்லாம் நெசம்தான். இல்லன்னு எவன் சொன்னான்?

ஆனா நீ பண்ணுத கூத்து இருக்கே! சாப்பாட்டு மேசையில பலகையக் கவுத்துப் போடுத. போன்ல வெளக்கப் போட்டு வாயில கவ்விக்கிடுத. ஆலன் கீ வச்சு திருகாணியத் தளத்தி, தகட்டத் தட்டி, காலிப்பரச் சொருவிப் பாக்குத. 2.495ன்னு காட்டுது. நாக்கக் கடிச்சுகிட்டு 2.500-க்குக் கொண்டாந்துட்ட. சந்தோசமாத் திருகாணிய முறுக்குத. முறுக்குத முறுக்குல தகடு நகந்து 2.503. மறுபடி தளத்து! அந்த ஆயிரத்துல அஞ்சு பங்கு அங்குலம் எம்புட்டுன்னு தெரியுமா? ஒரு தலைமயிரு, போனா ரெண்டு மயிரு கனம். ஒங்க ஆச்சி சோறு ஆறுதுன்னு கத்துதது காதுல விழல, ஆயிரத்துல ஒரு பங்கு மட்டும் கண்ணுக்குத் தெரியுது.

இதுல இன்னொரு வேடிக்கை. காலிப்பரோட தாடையால நீளத்தப் பிடிச்சு அளந்தா ஒரு எண்ணு, நுனியால தொட்டு அளந்தா வேற எண்ணு. நீ தாடைக்காரன். ஒன் கூட்டாளி நுனிக்காரன். ரெண்டு பேரும் போன்ல அரை மணி நேரம் எண்ணு மாத்திக்கிடுதீய. எத எதாலடே அளந்தீயன்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணல பாத்தியா?

ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது. போன கோடையில ஒன் சேக்காளி ஒருத்தன் கரையில நின்னு கண்ணு கலங்குனான். "தாத்தா, கை நடுங்குது, ஃபின்ன ஒரு மயிரளவு முன்னால தள்ளித் தாங்க"ன்னான். நானும் வாங்கி, மரத்தடியில திரும்பி உக்காந்து, ஆலன் கீயக் காத்துல நாலு சுத்து சுத்துனேன். உஸ்ஸுன்னு ரெண்டு மூச்சு விட்டேன். பலகையத் திருப்பிக் குடுத்தேன். பய போனான், ஆறையும் சுத்திட்டு வந்தான். "தாத்தா, கை ராசி!"ன்னு கால்ல விழுந்தான். நான் என்னத்தச் சொல்ல? ஆசீர்வாதம் பண்ணிட்டேன். இன்னை வரைக்கும் அந்த எண்ணத்தான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதான்.

நேட் ஸ்மித்து மாதிரி ஆளுக்கு அந்த ஒரு மயிரு தெரியும், நான் ஒத்துக்கிடுதேன். அவன் நூறு தடவ போனா நூறு தடவயும் ஒரே எடத்துல வளையுதான். அதனால தகடு நகந்தா அவனுக்குத் தெரியுது. நீ ஒரே நாள்ல போன ரெண்டு ஓட்டம் ஒண்ணுபோல இருந்துதா? பொறவு எது ஃபின்னு, எது நீன்னு எப்படிலே கண்டுபிடிப்ப?

அவன் வைக்குத எண்ண நீ எழுதி வச்சிருக்க, பாத்தேன். அவன் எடை என்ன, ஒன் எடை என்ன? அவன் 58-ல போறான், நீ 55-க்கே பல்லக் கடிக்க. பலகை நீளத்தையே எடைக்கும் வேகத்துக்கும் பாத்துத்தான் கடைக்காரன் குடுக்கான். எண்ணுக்கு மட்டும் ஆளு பேதம் இல்லையாக்கும்?

படகு விசயம் வேற. அங்க நான் கேலி பண்ண மாட்டேன். கொஞ்சமாப் பண்ணுவேன். என்ஜின நடு வயித்துல வச்சு, இழுக்குத கம்பத்தையும் நடுவுல நட்டு, அடியில நேராப் போவதுக்குத் தகடு வச்சு, அலைய அடக்கிக் கட்டுனான் பாரு, அவன் வேலைக்காரன். முன்னெல்லாம் ஓட்டுதவன் கையாலதான் வேகம் பிடிக்கணும். நீ அலையக் குறுக்க வெட்டி இழுக்கக்குள்ள படகு தொய்யும், அவன் முடுக்கணும். நீ விட்டதும் பாயும், அவன் அடக்கணும். ஒருத்தன் கையி ஒரு மாதிரி, இன்னொருத்தன் கையி வேற மாதிரி. ஒனக்கு 58, அவனுக்கு 57ன்னா அது போட்டியா? பஞ்சாயத்துதான். பொறவு தானா வேகம் பிடிக்குத பெர்ஃபெக்ட் பாஸுன்னு ஒரு கருவி வந்துது, அப்புறம் ஜிபிஎஸ் பாத்து வேகம் பிடிக்குத ஜீரோ ஆஃப் வந்துது. எல்லாருக்கும் ஒரே நீதி. அதுக்கு எம்புட்டு அளந்தாலும் தகும்.

ஆனா அதுலயும் ஏ, பி, சி, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தினுசு தினுசா வச்சுட்டான். எழுத்து, நீ இழுத்ததும் என்ஜின் எப்பப் பதில் சொல்லணும்ங்கதுக்கு. எண்ணு, எம்புட்டு பலமாச் சொல்லணும்ங்கதுக்கு. ஏ ஆற அமர வரும், சி ஒடனே வரும். ஒனக்குப் போதாதா? திங்கக்கிழம ஏ1, செவ்வாக்கிழம சி3. விழுந்தா "பி2 என்னையக் கவுத்துட்டு." பி2 ஒன் பங்காளியா, சொத்துத் தகராறா?

ஒரு எழுத்து, ஒரு எண்ணு எடு. இந்தக் கோடை பூரா அதத் தொடாத. படகச் சீராக்கணும்னா நான் சொல்லுதத செய். ஓட்டுதவன் வலப்பக்கம் உக்காருதான், அதனால கூட வாரவன இடப்பக்கம் உக்கார வையி. படகு சாஞ்சா அலை ஒரு பக்கம் மேடாவும், அதத் தாண்டக்குள்ள முழங்கால் தட்டும். நாலு கூட்டாளிய ஏத்திட்டு, டாங்கி நெறைய பெட்ரோலும் போட்டுட்டு, அலை பெருசா இருக்குன்னு அழுதா யாரு பொறுப்பு? புரொப்பல்லர்ல பாசி சுத்திருக்கா, எதழு நெளிஞ்சிருக்கான்னு கையால தடவிப் பாரு, என்ஜின நிறுத்திட்டு. இதுக்குக் காலிப்பர் வேண்டாம், விரலு போதும்.

அந்த விரலு இருக்கக்குள்ள கைப்பிடியக் கொண்டா, இப்படிப் பிடி. முடிச்சுக்குப் பக்கத்துல பாரு. கயிறு நூல் நூலாப் பிஞ்சு நிக்குது. ஃபின்ன மயிரு மயிரா அளந்தியே, இந்த மயிரு கண்ணுல படலையா? அது அறுந்து மூஞ்சியில அடிச்சா எந்த எண்ணு வந்து ஒன்னக் காப்பாத்தும்? பூட்ஸோட திருகாணி ஒண்ணு கையாலயே சுத்துது. மொதல்ல இத முறுக்குலே!

வாசலுக்கு வருவோம். கரையில உக்காந்து வேற வேல இல்லாம பாத்துட்டே இருக்கேன். வாசல்லயே நீ பிந்திப் போயிடுத. பிந்திப் போனவன் மொத மிதவைக்குப் பிந்தி வாரான். ஒரு மிதவைக்கும் அடுத்ததுக்கும் 41 மீட்டர்தான், மூணு செகண்டு கூட இல்ல. ரெண்டாவதுல அவசரப்பட்டு இழுக்க. மூணாவதுல குண்டி பின்னால தள்ளி, கை ரெண்டும் முன்னால போயிடுது. அப்புறம் நாலாவதுல கயிறு தொங்காம என்ன செய்யும்? ஒன் ஃபின்னு நாலாவது மிதவையிலயா கெட்டுப் போச்சு? அது கரையிலேருந்து ஒழுங்காத்தான வந்துது!

இன்னைக்கு ஃபின்ன கம்பெனிக்காரன் சொன்ன எண்ணுக்கே கொண்டுபோயிடு. கயித்த மாத்து. வாசலுக்கு ஒரு மூச்சு முன்னால நகரு. மஞ்ச வளையத்துல ஆறையும் சுத்திட்டு வா, பச்சைக்குப் போவோம், அப்ப ஒரே ஒரு அளவ, ஒண்ண மட்டும், மாத்தலாம். அதுவரைக்கும் இந்த ஆலன் கீ என் வேட்டி மடியில இருக்கட்டும். ஒங்க ஆச்சியோட மிக்சி ஆட்டம் காணுதுன்னு ரெண்டு மாசமாச் சொல்லிட்டு இருக்கா.