கொதிகலனும் குவார்ட்டர்ஸும்

கேள்வி: லாபம் பார்க்கத்தான் கம்பெனி என்றால், அதற்குள் எதற்கு இத்தனை டிபார்ட்மென்ட்?
– வாசகி, கைலாசபுரம், திருச்சி-14

பதில்: பெல் டவுன்ஷிப்பில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! 1960களில் அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் வேண்டியிருந்தது. எத்தனை நாள் வெளிநாட்டிலேயே வாங்குவது? செக்கோஸ்லோவாக்கியா கைகொடுக்க, திருவெறும்பூரில் பெல் ஆலை எழுந்தது. தேவைதான் அதைப் பெற்றெடுத்தது. லாபம் சோறு போடுகிறது, அவ்வளவே.

இத்தனை டிபார்ட்மென்ட் எதற்கு என்று தெரிய, ஒரு கொதிகலனின் கதையைக் கேளுங்கள். மார்க்கெட்டிங் ஆர்டர் பிடித்துத் தேதியும் கொடுத்துவிடும். டிசைன்காரர் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைப்பார். பர்ச்சேஸ் இரும்பைத் தேடும். வெல்டர் உயிரைக் கொடுத்துப் பற்றவைத்த இணைப்பை, தரக்கட்டுப்பாடு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, 'மறுபடி செய்' என்னும். (இங்கே மட்டும் கறார் வேண்டும், உயரழுத்த நீராவிக்குத் தாட்சண்யம் தெரியாது.) கொதிகலன் முழுசாக லாரியில் ஏறாது, பாகம் பாகமாகப் போனதை மின்நிலையத்தில் இன்னொரு குழு பூட்டும். வரவேண்டிய பணத்துக்கு ஃபைனான்ஸ் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கும்.

ஹெச்.ஆர். என்ன செய்கிறது என்கிறீர்களா? உங்கள் குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட் ஆர்டரில் கையெழுத்து யாருடையது, பாருங்கள்!