சுவரில்லாச் சமையலறை

கேள்வி: புதிதாகக் கட்டும் வீடுகளில் சமையலறைக்குச் சுவரே வைப்பதில்லையே, இது என்ன நாகரிகம்?

பதில்: ஆதியில் அந்தச் சுவரை எழுப்பியவர் கொத்தனாரல்லர், விறகுப் புகையே. அப்புகைக்கு அஞ்சித்தான், கூடமும் முற்றமும் கடந்து கொல்லைப் பக்கத்தில் அடுப்பையும், அதை ஊதுகின்ற ஸ்திரீகளையும் ஒருங்கே ஒதுக்கி வைத்தார்கள் நம் முன்னோர். காஸ் வந்து புகை அஸ்தமித்ததும், அமர்ந்து சமைத்தவர்கள் மேடையருகே எழுந்து நின்றார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் மாடிப்படியடியில் வானப்பிரஸ்தம் பூண்டன. தம்பதிகள் இருவரும் உத்தியோகத்துக்குப் போகத் தொடங்கவே, பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் குக்கரின் விசிலையும் ஒரே இடத்திலிருந்து பரிபாலிக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் சுவரும் விழுந்தது. மேல்நாட்டிலோ, 1926-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக, ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறையை முன்மாதிரியாகக் கொண்டு, சுமார் 6.5 சதுர மீட்டருக்குள் அடுக்களையை வகுத்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் அம்மையார், பிள்ளைகளைக் கவனிக்கக் கூடத்துக்கு வழிவிட்டாலும், நகரும் கதவொன்றையும் மறவாமல் வைத்தார். மிளகாய் வற்றல் தாளிப்பதை அறியாமலே என்ன தீர்க்கதரிசனம்! நம்மவர்களோ கதவையும் நீக்கிவிட்டு, தாளிப்பின் நெடியில் சோபாவில் வீற்றிருக்கும் விருந்தினர் தும்முவதைக் கண்ட பிற்பாடு, பின்புறம் ‘ஒர்க் ஏரியா’ என்ற நாமதேயத்தில் இன்னொரு சமையலறை கட்டுகிறார்கள். முன்புறத்து அலங்காரச் சமையலறையில் காபி மட்டும் போடுகிறார்கள்.