ஞாயிறு லீக் பிரிவியல்: மூன்று நூற்பாவும் உரையும்

இங்கிலாந்தில் பெரியவர்கள் பொழுதுபோக்காக ஆடும் ஞாயிறு கால்பந்து லீக்குகளில் எந்த அணியை எந்த டிவிஷனில் வைப்பது என்பதற்கு இதுவரை ஓர் இலக்கண நூல் இல்லை. களப்பிரர் முதல் கருந்துளை வரை துருவிய அறிஞர் உலகம், நாலாம் டிவிஷனில் பதினாலாவது முறையாக வலைக்குள்ளிருந்து பந்தை எடுக்கக் குனியும் கோல்கீப்பரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவரும் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டிய மனிதர். அவர் பொருட்டே இந்நூல் எழுந்தது.

நிலமும் பொழுதும் முதலில் உரைப்பது மரபு. நிலம், கிழக்கு லண்டனில் லீ ஆற்றை ஒட்டிய ஹாக்னி மார்ஷஸ். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் கொட்டி மேடாக்கிய சதுப்பு அது. ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆடுகளங்கள் அங்கே அடுத்தடுத்துக் கோடு போட்டுக் கிடந்தன. பெரும்பொழுது, கார்காலம் தொடங்கிப் பின்பனி தாண்டும் வரை. சிறுபொழுது, ஞாயிறு காலை பத்தரை. அந்தக் காலைப் பொழுதும் எளிதில் கிடைத்ததன்று: ஓய்வுநாளில் பந்து உதைப்பதை அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் 1960 வரை அங்கீகரிக்கவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, 1964இல் ஞாயிறு அணிகளுக்கென்றே ஒரு கோப்பையைத் தானே தொடங்கி வைத்தது. கருப்பொருள், இடைவேளையில் தின்னும் ஆரஞ்சுச் சுளையும் நனைந்த காலுறையும். உரிப்பொருள், இரங்கல்.

அணிகளைப் பிரிப்பவர் லீக்கின் செயலாளர். சம்பளம் இல்லை, வசவு உண்டு. அவர் மேசையில் 24 விண்ணப்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். எல்லோரையும் ஒரே டிவிஷனில் போட்டு, ஒருவரோடொருவர் இருமுறை ஆடச் சொன்னால் ஆளுக்கு 46 ஆட்டம். தொழில்முறையில் சாம்பியன்ஷிப் லீக்கின் 24 அணிகள் அப்படித்தான் ஆடுகின்றன. அவர்களுக்கு வாரநாளிலும் ஆடச் சம்பளம் இருக்கிறது. நம்மவருக்கு இருப்பது ஞாயிறு மட்டும், அதிலும் மழை வந்தால் களத்தில் தண்ணீர். ஆகவே எட்டு எட்டாக மூன்று டிவிஷன் என்று வைக்க, அவற்றைப் பிரிக்கும் வழிகள் 946 கோடியே 55 லட்சத்து 11 ஆயிரத்து 770. நொடிக்கு ஒன்றாகச் செயலாளர் பரிசீலித்தால், ஊண் உறக்கம் ஒழித்தாலும், ஏறத்தாழ 300 ஆண்டு பிடிக்கும். செப்டம்பரில் முதல் ஆட்டம் இருக்கிறது. எனவே அவர் போன வருஷப் புள்ளிப்பட்டியலை எடுக்கிறார். கேடு அங்கே தொடங்குகிறது.

இனி முன்னோர் மதம். பிரிவியலின் ஆதி ஆசிரியர் வில்லியம் மெக்கிரிகர். ஸ்காட்லாந்தில் பிறந்து பர்மிங்ஹாமில் துணிக்கடை வைத்தவர், ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகிகளில் ஒருவர். 1888 மார்ச்சில் சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதி, 12 அணிகளோடு ஃபுட்பால் லீக்கைத் தொடங்க வழி செய்தார். டிவிஷன் என்ற ஒன்றே அப்போது இல்லை. கடைசி நாலு இடத்தில் முடித்தவர்கள் மற்றவர்களிடம் ஓட்டுக் கேட்டு மறுபடி உள்ளே வர வேண்டும், அவ்வளவே. 1892இல் இரண்டாம் டிவிஷன் பிறந்தது. கூடவே மேலே போவது யார், கீழே வருவது யார் என்று முடிவு செய்யச் சோதனை ஆட்டங்களும் பிறந்தன.

அம்முறை ஆறு ஆண்டுதான் தாங்கியது. 1898இல் ஸ்டோக்கும் பர்ன்லியும் கடைசிச் சோதனையில் மோதின. டிரா ஆனால் இரண்டு பேருக்கும் முதல் டிவிஷன் உறுதி என்பது களத்தில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். பந்து தவறிப்போய்க் கோல் பக்கம் உருண்டுவிடக் கூடாதே என்று அவர்கள் அன்று காட்டிய கவனம், கால்பந்து வரலாற்றிலேயே இரு தரப்பும் ஒன்றுபட்டுக் காட்டிய அரிய ஒழுக்கம். ஆட்டம் 0-0. லீக் நிர்வாகம் என்ன செய்தது? முதல் டிவிஷனை 16இலிருந்து 18ஆக்கி, அந்த டிராவால் வாய்ப்பிழந்த மற்ற இரு சோதனை அணிகளான நியூகாசிலையும் பிளாக்பர்னையும் சேர்த்துக்கொண்டது. சோதனை ஆட்டத்தையே ஒழித்தது. புகார் சொன்னவனையும் மேலே ஏற்றிவிடுவது என்னும் இந்த உத்தியை ஞாயிறு லீக் செயலாளர்கள் இன்றும் பயபக்தியோடு கையாள்கிறார்கள்.

ஓட்டெடுப்பு மதத்தாரும் உளர். முதல் உலகப் போர் முடிந்து 1919இல் லீக் மறுபடி கூடியபோது முதல் டிவிஷனில் இரண்டு இடம் கூடியது. போருக்கு முந்தைய கடைசி சீசனில் இரண்டாம் டிவிஷனின் முதல் நாலு இடத்துக்குள்கூட வராத ஆர்சனல் 18 ஓட்டு வாங்கி உள்ளே போயிற்று. முதல் டிவிஷனில் கடைசியாக முடித்திருந்த டாட்டன்ஹாம் 8 ஓட்டோடு கீழே இறங்கிற்று. அன்று ஏறிய ஆர்சனல் இன்றுவரை இறங்கவில்லை. ஆகையால் ஓட்டெடுப்பே நிலையான பலன் தரும் முறை என்பார் ஒரு சாரார். அதை, இவ்விரண்டு அணிகளுக்கும் ஊரான வடக்கு லண்டனில், எந்தத் தெரு என்று பார்த்துச் சொல்க.

பெயர் மாற்றும் மதத்தைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. 1992இல் பிரீமியர் லீக் பிரிந்து போனதும் இரண்டாம் டிவிஷன் முதலாம் டிவிஷன் ஆயிற்று. 2004இல் அதுவே சாம்பியன்ஷிப் ஆயிற்று. ஒரு பந்தும் உதைக்காமல் எல்லோரும் உயர்ந்தார்கள்.

எண்ணால் அளக்கும் மதத்தின் ஆசிரியர் ஆர்ப்பாட் எலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் இயற்பியல் கற்பித்த செஸ் ஆட்டக்காரர். அவருடைய தரமதிப்பு முறையை உலகச் செஸ் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. ஃபிஃபா 2018 முதல் ஆடவர் அணிகளை அதன் வழியில்தான் வரிசைப்படுத்துகிறது. இருவருக்கும் 400 புள்ளி வித்தியாசம் இருந்தால் பதினொன்றில் பத்துப் பங்கு வலியவருக்கே என்று அது சொல்லும். அழகான கணக்கு, குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் செஸ் ஆடுபவர் சனிக்கிழமை வரை ஒரு ஆளாகவும் ஞாயிற்றுக்கிழமை ஏழு ஆளாகவும் இருப்பதில்லை. எம் முதல் நூற்பா இங்கே தோன்றுகிறது.

அணியெனப் படுவது ஏட்டுப் பெயரன்று;
ஞாயிறு காலை நிற்பவர் தொகையே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், அளக்கப்படும் பொருள் யாது என்பதை உணர்த்துதல் நுதலிற்று. பதிவேட்டில் 22 பேர் இருப்பர். அவருள் ஒருவருக்கு மாமியார் வீட்டு விருந்து. ஒருவர் சனி இரவு நண்பர் கல்யாணத்தில் ஆடி முடித்து இன்னும் எழவில்லை. இருவர் ஒரே காரில் புறப்பட்டு வேறு ஏதோ மைதானத்தில் நின்றுகொண்டு 'எங்கே இருக்கிறீர்கள்' என்று செய்தி அனுப்புவர். போன மே மாதம் இரண்டாம் இடத்தில் முடித்த அணி, செப்டம்பரில் அதே பெயரும் அதே சட்டையும் உடைய வேறொரு கூட்டம். புள்ளிப்பட்டியலை வைத்து அதை மேலே ஏற்றுவது, இல்லாத ஒருவருக்குப் பதவி உயர்வு தருவதாகும்.

புதிய அணிக்கோ பழைய பட்டியலும் இல்லை. அதன் வாய்மொழியே சான்று.

'சும்மா ஆட வந்தோம்' என்பார்
சும்மா வாரார் என்மனார் புலவர்.

விண்ணப்பத்தில் 'உங்கள் அணியின் தரம்' என்ற கட்டத்தில் எழுதப்படும் வாசகங்களுக்குப் பாடபேதங்கள் பல. 'ஆபீஸ் நண்பர்கள், ஜாலிக்காகத்தான்' என்பது ஒரு பாடம். 'எல்லோருக்கும் வயதாகிவிட்டது, பாதிப் பேருக்கு முட்டி வலி' என்பது ஒரு பாடம். இரண்டையும் நம்பலாம். அஞ்ச வேண்டியது மூன்றாம் பாடம்: 'ஒன்றிரண்டு பேர் முன்பு கொஞ்சம் ஆடியிருக்கிறார்கள்.' ஈண்டுக் 'கொஞ்சம்' என்றது, பதினெட்டு வயது வரை ஒரு தொழில்முறைக் கிளப்பின் அகாடமியில் வளர்ந்து, அங்கே கழித்துவிடப்பட்டு, பத்து ஆண்டாக அந்தக் கோபத்தை அடக்கி வைத்திருக்கும் ஒருவரை. அவர் எதிரே நிற்கப் போகும் நாலாம் டிவிஷன் தடுப்பாட்டக்காரர் ஒரு பல் மருத்துவர். போன வாரம்தான் புதுக் காலணி வாங்கியவர்.

வலியோர் தம்மைத் தாழ்த்திச் சொல்வதுபோல் மெலியோர் உயர்த்திச் சொல்வதும் உண்டு. 'போன வருஷமே கோப்பை எங்களுக்கு வர வேண்டியது' என்று எழுதும் அணியிடம் பந்து இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஆகவே சொல்லை விடுத்து மெய்ப்பாடு கொள்க. ஆட்டத்துக்கு முக்கால் மணி முன்பே வந்து தரையில் சிறு கூம்புகளை வரிசையாக வைத்து ஓடிப் பழகுவோர் முதல் டிவிஷனுக்கு உரியர். கோல்கீப்பரைத் தனியே கூட்டிப்போய் அவருக்கென்று ஒருவர் பந்து எறிந்து பழக்கினால் ஐயமே வேண்டா. மற்று, கார் டிக்கியைச் சுற்றி நின்று 'இன்னைக்கு யாரு கோலி' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போர் கடை டிவிஷனுக்கு உரியர். சாக்ஸ் நிறத்தையும் கருதுக என்பாரும் உளர்; சலவை எந்திரம் செய்யும் பிழையை அணியின் மேல் ஏற்றுதல் முறையன்று என்பது எம் கருத்து.

அற்றேல், முதல் மூன்று வாரம் எல்லோரையும் கலந்து ஆடவிட்டுப் பார்த்து, பிறகு பிரித்தால் ஆகாதோ எனின், ஆகாது. என்னை?

தோற்றலும் பயன்தரும் இடனுமார் உண்டே.

எடுத்துக்காட்டு 1994 ஜனவரியில் கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்றில் பார்படோஸும் கிரெனடாவும் ஆடிய ஆட்டம். அடுத்த கட்டத்துக்குப் போகப் பார்படோஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். டிரா ஆனால் கூடுதல் நேரம் உண்டு. அதில் விழும் முதல் கோலோடு ஆட்டம் முடியும். அந்தக் கோலுக்கு இரண்டு கோல் மதிப்பு. அந்த விதியை எழுதியவர் களத்தில் இல்லை. பார்படோஸ் 2-0 என்று முன்னால் இருக்க, 83ஆம் நிமிடம் கிரெனடா ஒன்று போட்டது. மிச்ச நேரத்தில் இன்னொரு கோல் போடுவதைவிடத் தம் வலையிலேயே ஒன்று போட்டு 2-2 ஆக்கிவிடுவது எளிது என்று பார்படோஸ் கண்டுகொண்டு, அப்படியே செய்தது. உடனே கிரெனடாவுக்கும் விளங்கிவிட்டது: இரண்டு பக்கத்தில் எந்தக் கோலுக்குள் போட்டாலும் தமக்கு லாபம். கடைசிச் சில நிமிடங்கள் பார்படோஸ் இரண்டு கோலையும் காத்து நின்றது. கூடுதல் நேரத்தில் கோல் அடித்து 4-2 என்று மேலேயும் போயிற்று. யாரும் விதியை மீறவில்லை. எல்லோரும் விதியை ஒழுங்காகப் படித்திருந்தார்கள், அதுதான் கோளாறு.

நாட்டு அணிகளே இப்படி என்றால், மூன்றாம் டிவிஷனில் ஒரு சிறு கோப்பை கிடைக்குமே என்ற ஆசையுடைய நாற்பது வயதுக்காரர்களைச் சொல்ல வேண்டுமா? தரம் பார்க்கும் வாரங்களில் அவர்களுடைய முன்வரிசை வீரர் கோல்கீப்பர் கையுறையோடு நிற்பார். ஆறடி தூரத்தில் காலியான கோல் இருக்க, இன்னொருவர் பந்தை வானத்துக்கு அடித்துவிட்டு, தலையில் கை வைத்து வருந்துவார். அந்த வருத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாக இருக்கும்.

இனி எம் துணிபு. புள்ளியும் வேண்டா, வாய்மொழியும் வேண்டா, சோதனையும் வேண்டா. ஜனவரி, பிப்ரவரி ஞாயிறுகளில் நடுவர் விசில் ஊதும்போது மைதானத்துக்கு வந்து நின்றவர்களை எண்ணிப் பதிவேட்டில் உள்ளவர்களால் வகுக்க. அந்த ஈவே வருகைக் கெழு. அதிகம் உடையோர் மேல், குறைந்தோர் கீழ். ஆட்டவிதி 3இன்படி ஒரு பக்கம் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்கவே கூடாது. ஆகவே கீழ் எல்லையையும் உலகமே வகுத்துத் தந்திருக்கிறது. புதிய அணிக்கோ முதல் மழை ஞாயிறு வரை தற்காலிக இடம்.

ஆடத்தெரியாத பதினைந்து பேர் தவறாமல் வந்தால் முதல் டிவிஷனோ எனின், ஆம். அடிமட்ட ஆட்டத்தில் வெளியே போனவர் மறுபடி உள்ளே வரலாம் என்று அனுமதி உண்டு. பதினைந்து பேர் மாறி மாறி ஓடினால், எட்டுப் பேரோடு வந்த மேதைகள் அறுபதாம் நிமிடம் இடுப்பில் கை வைத்துவிடுவர்.

வருகைக் கெழுவைப் புறக்கணித்தால் நேரும் கொடுமை ஒன்றுண்டு. ஆள் சேராத அணி பிப்ரவரியில் லீக்கைவிட்டு விலகும். விலகிய அணியின் ஆட்டங்களையெல்லாம் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது வழக்கம். இப்போது கடைசி இடத்தில் இருக்கும் இன்னோர் அணியைக் கருதுக. அந்த சீசன் முழுவதும் அதற்கு ஒரே ஒரு வெற்றி, அதுவும் விலகிய அந்த அணியின் மேல். வென்ற அன்று பப்பில் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தவர் அணித்தலைவர். ஒரு மின்னஞ்சலில் அந்த வெற்றி நடக்காததாகிவிடுகிறது. பில்லை யாரும் திருப்பித் தருவதில்லை.

நடுவர்களையும் இவ்வாறே தரம் பிரிக்கலாமோ என்று மாணாக்கர் வினவுவர். நாட்டில் ஞாயிறு நடுவர்களுக்கே பஞ்சம். கோட்டோரம் கொடி பிடிப்பவர் அந்தந்த அணியின் மாற்று ஆட்டக்காரர், ஆஃப்சைடு பற்றி அவருக்கென்று ஒரு தனிக் கொள்கை உண்டு. நடுவர் கிடைத்தபின் அந்த அதிகாரத்தை எழுதுவோம்.